வந்தியின் பங்கும் வையைப் பெருக்கும்

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்துள் மண் சுமந்த படலம் கற்றார்க்கும் கல்லார்க்கும் ஒருங்கே பழகியதொன்று. பழகியதனாலேயே அதன்கண் உள்ள தடையொன்று பலர் கருத்திற் படுவதில்லை. 60ஆம் படலத்தில் பரியை நரியாக்கி வையையைப் பெருக வைத்தவன் சொக்கநாதப் பெருமானே. சுடுமணலில் நிறுத்தப்பட்ட வாதவூரடிகளை மீட்டற்கு வந்தது அவ்வெள்ளம். 61ஆம் படலத்தில் அவ்வெள்ளமே, பிட்டு விற்று உயிர் வாழ்ந்த வந்தியென்னும் முதியவள் தலையில் கரையடைக்கும் பங்கொன்றை வைத்தது. ஓரடியார்க்கு அருளாய் வந்தது மற்றோரடியார்க்கு அல்லலாயிற்று. தானே துன்பத்தை வருவித்துத் தானே கூலியாளாய் வந்து தீர்த்தல் அருளாமாறு யாங்ஙனம் என்பது வினா.

வாதவூரடிகள் பொருட்டு நிகழ்ந்தது பெருங்காரியம். வந்தியின் துயர் அதனிடையே நேர்ந்த சிற்றிடையூறு என்று கூறி அமைவாருமுளர். அவ்விடை பொருந்தாது. படையை நோக்கி வீரனை மறத்தல் மண்ணாள் வேந்தர் இயல்பு. உயிர்தோறும் உயிராய் நிற்கும் இறைவற்கு அஃது ஏலாது. இனி, வந்தி முடிவிற் சிவலோகம் பெற்றாளாகலின் அவள் பட்ட துயர் துயரன்று என்பாரும் உளர். முனிவர் அவ்வாறு கருதிற்றிலர். துணையில்லை, மக்களில்லை, சுற்றமில்லை, ஏன்றுகொள்வார் பிறரில்லை என்று அவள் புலம்பும் புலம்பலை அவர் மெய்த்துயராகவே வைத்துப் பாடினார்.

தடையை நீக்கும் திறவுகோல் கூலியாளின் சோம்பலில் உள்ளது. பெருமான் உதிர்ந்த பிட்டை உண்டான், ஆடினான், பாடினான், உறங்கினான். வந்தியின் பங்கோ அடைபடாமலே கிடந்தது. கதை சொல்வோர் இவ்விடத்தை நகைச்சுவைக்கென நீட்டி, அவையோர் சிரித்த அளவில் தங்கடன் முடிந்ததெனப் போவர். நூலின் உயிர்நிலை ஈண்டே உள்ளதென்பதை அவர் நினைப்பதில்லை.

என்னை? வெள்ளம் அடிகளைச் சுடுமணலினின்று மீட்டதேயன்றிப் பாண்டியன் உள்ளத்தை மாற்றிற்றன்று. அவன் தன் பிழையை உணர்ந்தாலன்றி அந்நிகழ்ச்சி நிறைவுறாது. கூலியாள் வந்தவுடன் மண்ணைக் கொட்டியிருப்பின் வந்தியின் கடன் தீர்ந்திருக்கும். அரசன் அக்கரைக்கு வந்திரான். பங்கு அடைபடாமையால் ஏவலர் சினந்தனர். ஏவலர் முறையிட்டமையால் அரசன் வந்தான். அரசன் வந்தமையால் பிரம்படி விழுந்தது. அவ்வடி எல்லா உயிர்மேலும் பட்டது. அடித்தவன் முதுகும் அதற்குத் தப்பவில்லை. அதன்பின் ஒரு கூடை மண்ணால் உடைப்பு அடைந்தது. அவ்வொரு கூடையே கிழவியின் பங்கைத் தீர்த்தது. அடிகளின் பெருமையை அரசற்குக் காட்டியதும் அதுவே. எது பெரிது, எது சிறிது என்று பிரிப்பதற்கு ஆண்டு இடமில்லை.

ஆனால் தாழ்த்த அப்பொழுதில் வந்தி அறிந்தது யாது? தன் பங்கு அடைபடவில்லை என்பது ஒன்றே. அடிகளின் வழக்கை அவள் அறியாள். தான் அமர்த்திய ஆள் இன்னான் என்பதையும் அறியாள். மறைத்தலும் அருட்டொழிலே எனச் சித்தாந்தம் கூறுவதன் பொருளை இக்கிழவியின் ஒரு பகற்பொழுதிற் காணலாம். காரணம் அறிந்து நம்பியவளல்லள் அவள். கூலி கொடுக்கக் காசில்லாதவள், இருந்த பிட்டைக் கொடுத்துத் தன் பங்கை ஒருவன் கையில் ஒப்புவித்தாள். அவ்வளவே அவள் செய்தது.

திருவம்மானையில் வாதவூரடிகளும் பெருமான் மண் சுமந்து கூலி கொண்டதையும், அரசனால் அடியுண்டதையும் நினைந்து உருகுகின்றார். தம்பொருட்டு வையை பெருகியதை ஆண்டு அவர் எடுத்துரைத்திலர். மதுரையில் ஆவணி மூலப் பெருவிழாவில் இந்நிகழ்ச்சி இன்றும் கொண்டாடப்படுகின்றது. பெருமான் அன்று எழுந்தருளும் இடத்திற்குப் புட்டுத்தோப்பு என்று பெயர். அமைச்சர் பெயராலன்று, அரசன் பெயராலுமன்று, கிழவி விற்ற பண்டத்தின் பெயரால் அஃது வழங்குகின்றது.