தரியா தௌலத்தில் நாம் காணாதது

ஜலகண்டாபுரத்து மக்கள் மேட்டூரில் காணும் காவிரி, ஸ்ரீரங்கப்பட்டணத் தீவைத் தழுவி வந்த காவிரியே. நீரால் மட்டுமன்றி வரலாற்றாலும் இரு பகுதிகளுக்கும் உறவு உண்டு. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கும்பெனியார் வசமாகும் வரை இச்சீமை மைசூர் ஆட்சியிலேயே இருந்தது. ஆகவே, திப்பு சுல்தான் ஷஹீத் 1784ல் எழுப்பிய கோடை மாளிகையாகிய தரியா தௌலத்தைக் காண நம் குடும்பங்கள் செல்வது இயல்பே. இன்று அது தொல்லியல் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக விளங்குகிறது. நாமும் சென்று கண்டோம். மனத்தில் ஒரு நிறைவும் ஒரு குறையும் தங்கின.

நிறைவு, கண்ணுக்குக் கிடைத்தது. தேக்குத் தூண்களும், சுவரெங்கும் இடைவெளியின்றிப் படர்ந்த பூவேலையும் வியக்கத்தக்கவை. மேற்குச் சுவரில் 1780ஆம் ஆண்டுப் பொள்ளிலூர்ப் போர் தீட்டப்பட்டிருக்கிறது. ஆங்கிலப் படை சதுரமாக அணிவகுத்து நிற்க, வெடிமருந்து வண்டி தீப்பற்றிச் சிதற, தளபதி பெய்லி பல்லக்கில் தவிக்கிறார். ஹைதர் அலியும் திப்புவும் பெருமிதத்தோடு படை நடத்துகின்றனர்.

ஆயினும் ஓவியத்தைச் சரித்திரம் என்றே கொள்ளுதல் முறையன்று. அது வென்றவர் தம் இல்லத்தில் எழுதுவித்த வெற்றிப் பத்திரம். அடுத்த ஆண்டே பரங்கிப்பேட்டையில் ஹைதர் தோற்றதை அச்சுவர் சொல்லாது. பொள்ளிலூர் இருப்பதோ காஞ்சிபுரத்தை அடுத்த தமிழ் மண்ணில். அப்போரில் எரிந்த ஊர்களும், தொடர்ந்து வந்த பஞ்சத்தில் மடிந்த ஏழைகளும் நம் நாட்டவரே. அவர்கள் சித்திரத்தில் இல்லை. இன்னொன்றும் கருதத்தக்கது. மங்கிப்போன அவ்வோவியத்தைப் பின்னாளில் மீண்டும் தீட்டச் செய்தவர் டல்ஹௌசி பிரபு. திப்புவின் வெற்றியை இன்று நாம் காண்பது, அவரை வீழ்த்தியவர்களின் ஆணைப்படி புதுக்கப்பட்ட வண்ணத்தில்! சுல்தானைப் போற்றுவோரும் தூற்றுவோரும் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக. ஷஹீதின் மதிப்பு மிகைக் கூற்றால் உயர்வதுமில்லை. உண்மை உரைப்பதால் தாழ்வதுமில்லை.

இனிக் குறையைக் கூறுவோம். அம்மாளிகையில் மக்கள் நாடி நிற்பது வாளிடமும் நாணயத்திடமும் படங்களிடமுமே. சுல்தானிடம் ஏறத்தாழ இரண்டாயிரம் நூல்கள் கொண்ட நூலகம் இருந்தது. திருக்குர்ஆன் பிரதிகள், தஃப்ஸீர், ஹதீஸ், ஃபிக்ஹு, தஸவ்வுஃப், மருத்துவம், கவிதை, வரலாறு என அறபியிலும் பாரசீகத்திலும் அமைந்த செல்வம் அது. ஹிஜ்ரி 1213ல், அதாவது 1799 மே 4ஆம் நாள், கோட்டை வீழ்ந்தது. நூல்கள் கல்கத்தாவுக்கும் இலண்டனுக்கும் பிரிந்து சென்றன. சார்லஸ் ஸ்டூவர்ட் என்பார் 1809ல் அவற்றுக்கு அட்டவணை அச்சிட்டார். நம் சுல்தான் எதை ஓதினார் என்பதை அறிய அன்னியரின் அட்டவணையைப் புரட்ட வேண்டியிருக்கிறது. அந்நூலகம் எங்கே என்று அங்கு எவரும் வினவக் கேட்டிலோம். உண்மையைச் சொன்னால், நமக்கும் அந்நினைவு திரும்பும் வழியிலேதான் வந்தது.

இது ஓர் அரண்மனைக்கு மட்டும் நேர்ந்ததன்று. சீனப் பேரரசர்களின் பீஜிங் அரண்மனை 1925ல் அருங்காட்சியகமாயிற்று. உள்நாட்டுப் போரின் முடிவில் அதன் அரும்பொருள்களில் ஒரு பகுதி தைவானுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மாளிகை ஓரிடம், அதன் உயிர் வேறிடம்.

அன்னியர் எடுத்துச் சென்றனர் என்று வருந்துகிறோம். அவர்களோ அவற்றைக் காத்தனர், எண்ணினர், பெயரெழுதினர். நம் இல்லங்களில் நிலைமை என்ன? மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியார்கள் வளர்த்த அறபுத்தமிழில் நம் பாட்டிமார் ஓதிய கிதாபுகள் பரணில் கறையானுக்கு இரையாகின்றன. வாசிக்கத் தெரியாத எழுத்தென்று பழைய தாளோடு எடைக்குப் போடுவோரும் உளர். இதற்குப் படையெடுப்பு எதுவும் தேவைப்படவில்லை.

தரியா தௌலத்துக்குச் செல்லுங்கள்; பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். வாளைக் காட்டும்போது நூலகத்தின் கதையையும் சொல்லுங்கள். ஊர் திரும்பியதும் பரணில் கிடக்கும் அந்தப் பழைய கிதாபைத் தூசி தட்டி எடுத்து, ஓதத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அப்போதுதான் அப்பயணம் நிறைவுறும்.