கடாரம் கொண்டவரும் கதிர் அறுத்தவரும்

நம் நாட்டுத் தமிழர் கூடும் மேடைகளில் சரித்திரம் என்றவுடன் எழுவது கடாரத்தின் பெயரே. 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழன் கடல் கடந்து படை செலுத்தினான். இன்று கெடா என வழங்கும் கடாரத்தை வென்றான் என்று முழங்குகின்றனர். கேட்போர் கைதட்டி மகிழ்கின்றனர். அவ்வாறு முழங்குவோரிடம் நாம் கேட்கவேண்டுவது ஒன்றுண்டு. இச்செய்தியை எந்நூலிற் படித்தீர்கள்? அந்நூல் இதனை எங்கிருந்து எடுத்தது? இவ்விரண்டுக்கும் விடை தேடப் புகுந்தால், சரித்திர நூல்களை எடைபோடும் முறை தானே விளங்கும்.

கடாரப் படையெடுப்புக்குத் தலையாய சான்று இராசேந்திரனுடைய மெய்க்கீர்த்தி. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், கடாரம் என வென்ற இடங்களை அது வரிசைப்படுத்துகிறது. மெய்க்கீர்த்தியாவது, அரசன் புகழை அவன் அவையே பாடிக் கல்லில் வெட்டுவித்தது. அதனைப் பொய்யென்று தள்ளவேண்டுவதில்லை. ஆயினும் அது வென்றவன் வாய்மொழி என்பதை மறத்தலாகாது. தோற்றவன் சொல் அதில் இல்லை. கப்பல் செலுத்திய கடலோடியின் பெயரும் அதில் இல்லை.

இத்தகைய சாசனங்களைத் திரட்டி, ஆண்டுகளை ஒழுங்குபடுத்தி, சோழர் சரித்திரத்துக்கு உருவம் தந்தவர் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார். ஆங்கிலத்தில் அவர் எழுதிய 'சோழர்' என்னும் பெருநூலைச் சென்னைச் சர்வகலாசாலை 1935-லும் 1937-லும் வெளியிட்டது. அந்நூலின் உழைப்பை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. போர்களோடு நில்லாமல் வரி, நிலவுரிமை, ஊராட்சி, கோயிற் செல்வம், மனிதர் விலைக்கு விற்கப்பட்டமை ஆகியவற்றையும் அது ஆராய்கிறது. ஆனால் பின்னர் நேர்ந்தது என்ன? அதன் வழிவந்த பாடப் புத்தகங்களும் மேடைப் பேச்சுகளும் போர்களை மட்டும் எடுத்துக்கொண்டன, ஏனையவற்றைக் கைவிட்டன.

ஆசிரியரிடத்தும் ஒரு குறை உண்டு. சமுதாயம் இணக்கமாக வாழ்ந்தது என்னும் நோக்கே அவர் நூலில் ஓங்கி நிற்கிறது. உத்தரமேரூர்ச் சபையை எடுத்துக்கொள்வோம். 30 குடும்புகளாக ஊரைப் பிரித்து, குடவோலையிட்டு வாரியத்தாரைத் தேர்ந்த முறையை 919, 921-ஆம் ஆண்டுச் சாசனங்கள் கூறுகின்றன. இதுவே ஜனநாயகம் என்று பலர் புகழ்வர். அச்சாசனத்தின் அடுத்த வரிகளையும் படித்தல் வேண்டும். பெயர் இடப்படுபவனுக்கு வரி செலுத்தும் சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருத்தல் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். அது பிராமணர் ஊரின் சபை. அந்நிலத்தை உழுதவனுக்கு அங்கே ஓலையும் இல்லை, குடமும் இல்லை. முறையின் நேர்த்தியை மெச்சுவோம். அதனை எல்லோர்க்கும் உரிய ஆட்சி என்று கூறுவது சரித்திரமாகாது.

சான்றுகள் இல்லையே, என் செய்வோம் என்று சிலர் கூறுவர். சான்றுகள் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் அளித்த ஊர்களைக் கூறும் சாசனம், வரி நீக்கிய இடங்களைக் குறிக்குமிடத்துக் குளத்தையும் சுடுகாட்டையும் சொல்வதோடு, கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பவற்றையும் சொல்லுகிறது. கணக்குக்காக எழுதப்பட்ட அவ்வரிகள், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஊருக்கு அப்பால் சேரி ஒதுக்கப்பட்டிருந்ததைக் காட்டிக்கொடுக்கின்றன. அதே கோயிலில் குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டிர்க்கு ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் வகுக்கப்பட்டதையும் கல்லே சொல்லுகிறது. அந்நெல்லை விளைவித்தவர் எவர் என்னும் கேள்வியைக் கேட்பவன் சரித்திர ஆசிரியன். கோபுரத்தை மட்டும் அண்ணாந்து பார்ப்பவன் புகழ்ச்சிக்காரன்.

இக்கேள்வியைக் கேட்டவர் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா. 1984-இல் வெளியான அவரது தென்னிந்தியச் சரித்திரமும் சமுதாயமும் பற்றிய நூலில் படையெடுப்பு முன்னிற்கவில்லை, நிலம் முன்னிற்கிறது. திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்னும் ஈரூர்களின் சாசனங்களை அவர் ஒப்பிட்டார். பிரமதேயமாகிய ஈசானமங்கலத்தில் நிலம் தனித்தனியார் உடைமையாக இருந்தது; உடையவன் வேறு, உழுதவன் வேறு. அல்லூரிலோ ஊரார் கூடி நிலத்தைப் பொதுவில் வைத்திருந்தனர். கல் ஒன்றுதான், கேள்வி மாறியதும் விடை மாறிற்று. நூலின் நடை வறட்சியானது, அட்டவணைகள் மலிந்தது, கதை விரும்புவோர் பத்துப் பக்கம் தாண்டார். எனினும் உழைக்கும் மக்களுக்கு அவர்தம் முன்னோரைக் காட்டும் நூல் அதுவே என்போம்.

இனி நம்மைப் பற்றிய நூலுக்கு வருவோம். நம்மில் மிகப் பலருடைய முன்னோர் இராசேந்திரன் கப்பலில் வந்தவரல்லர். ஒப்பந்தக் கூலிகளாகவும் கங்காணி ஆட்களாகவும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர். ஒப்பந்த முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி வழி ஆட்சேர்ப்பு 1938-இல் இந்திய அரசாங்கத்தின் தடையால் நின்றது. இவற்றை விரிவாக ஆராய்ந்தது கெர்னியல் சிங் சாந்து 1969-இல் வெளியிட்ட 'மலாயாவில் இந்தியர்' என்னும் ஆங்கில நூல். 1786 முதல் 1957 வரை வந்தோர், குடியேறிய இடங்கள், செய்த தொழில்கள் யாவும் அதில் அடங்கும். நம் வீடுதோறும் இருக்கத்தக்க நூல் அது. ஆயினும் அதன் பெரும்பகுதி அரசாங்க அறிக்கைகளிலிருந்து திரட்டப்பட்டது. வந்தவரின் தொகை தெரிகிறது. வந்தவரின் குரல் தாழ்ந்தே கேட்கிறது. பெரட்டுக்கு நின்றவன் என்ன நினைத்தான், லயத்தில் பிள்ளை பெற்றவள் என்ன பாடினாள் என்பது அறிக்கையில் ஏறுமா?

குறை ஆசிரியருடையது அன்று. எழுதி வையாத சமூகத்தைப் பிறர் ஏடுகளைக் கொண்டே எழுதவேண்டி வரும். ஆகவே நாம் வேண்டுவது இரண்டு. எந்தச் சரித்திர நூலைக் கையில் எடுத்தாலும், இது யார் சொல்லைக் கேட்டு எழுதப்பட்டது, யாரைக் கேளாமல் விட்டது என்று வினவுங்கள். இரண்டாவதாக, வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் பழைய சம்பளச் சீட்டையும், தோட்டப் பள்ளிச் சான்றிதழையும், பாட்டியார் சொல்லும் ஊர்ப்பெயரையும் குப்பையென்று எறியாதீர்கள். தேதியிட்டு எழுதி வையுங்கள். மன்னனுக்குக் கல் வெட்ட ஆள் இருந்தது. நம் பாட்டனுக்கு நாமே ஆள்.