முதலாளி நாடு எது?

அமெரிக்கா முதலாளி நாடு, சீனம் பொதுவுடைமை நாடு என எழுதுவோர் இன்றும் உளர். அதற்கு மாறாக, உண்மையான முதலாளித்துவம் இன்று சீனத்தில்தான் உள்ளது எனக் கூறித் தம் நுண்ணறிவைத் தாமே மெச்சிக்கொள்வோரும் பெருகிவிட்டனர். முதலாளித்துவம் என்பது காரணப்பெயர். இரு சாராரும் அதனை இடுகுறிப்பெயராகவே ஆள்கின்றனர்.

காரணங்கள் யாவை? நிலமும் ஆலையும் பணமும் தனியாரிடம் இருத்தல். விலையைச் சந்தை முடிவு செய்தல். உழைப்பவன் கூலிக்குத் தன் உழைப்பை விற்றல். நட்டம் வந்தால் முதல் போட்டவனே அதைச் சுமத்தல். இவற்றுள் விலையைப் பற்றி வாதமில்லை. இரு நாடுகளிலும் பெரும்பாலான பண்டங்களுக்குச் சந்தையே விலையிடுகிறது.

உடைமையைக் காண்போம். 1982-ஆம் ஆண்டுச் சீன அரசியல் சட்டப்படி நகர நிலம் அரசுக்குரியது. ஊர்ப்புற நிலம் ஊர்க்கூட்டுக்குரியது. சென்சென் நகரில் பெரும்பொருள் கொடுத்து வீடு வாங்குபவனும் அம்மண்ணில் 70 ஆண்டுப் பயன்பாட்டுரிமையே பெறுகிறான். பெரிய வங்கிகள் அரசின் பிடியில் உள்ளன. அலிபாபாவின் கிளையான ஆண்ட் குழுமம் 2020 நவம்பரில் பங்குச் சந்தையில் நுழைய இரண்டு நாளே இருந்தபோது அரசு தடுத்துவிட்டது. இதையா முழு முதலாளித்துவம் என்பது?

ஆனால் தொழிலாளி பக்கம் திரும்பினால் கதையே வேறு. 1978-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்த வேலைநிறுத்த உரிமை 1982-இல் நீக்கப்பட்டது. அனைத்துச் சீனத் தொழிற்சங்கக் கூட்டமைப்புக்கு வெளியே சங்கம் அமைக்க இடமில்லை. ஆலை வேலைக்குப் பெருநகரம் வந்தவனின் பிள்ளைகள், குடிப்பதிவு பிறந்த ஊரில் இருப்பதால், நகரப் பள்ளியில் இடம் பெற அல்லற்படுகின்றனர். பள்ளி நடத்துவோர்க்கு இதன் கடுமை சொல்லாமலே விளங்கும். முதலாளி நாட்டிலோ, 2023-இல் மூன்று கார் நிறுவனங்களின் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, படிப்படியாக 25 விழுக்காடு ஊதிய உயர்வு பெற்றனர். தொழிலாளியின் பெயரால் ஆளும் நாட்டில் அவனுக்குப் பேரம் பேசும் வலிமை குறைவு என்பதை இரு சாராரும் எழுதுவதில்லை.

நட்டத்தைச் சுமப்பதில் அமெரிக்கா தோற்கிறது. 2008-இல் நிதி நிறுவனங்கள் தள்ளாடியபோது 70,000 கோடி டாலர் வரை செலவிட நாடாளுமன்றம் ஒப்பியது. மறு ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸின் பெரும்பங்கு அரசுடைமையாயிற்று. அப்பங்குகளை அரசு 2013-இல் விற்று முடித்தபோது, ஏறத்தாழ 1,000 கோடி டாலர் நட்டம் வரி கொடுத்தவர் தலையில் விழுந்தது.