தந்தை இட்ட தடையும் நாய் காட்டிய வழியும்: ஆல்டோ லியோபோல்டின் வேட்டைக் கட்டுரைகள்

முன்னுரை

அமெரிக்கச் சூழலியல் எழுத்தில் ஆல்டோ லியோபோல்டின் (1887-1948) 'எ சாண்ட் கவுண்ட்டி அல்மனாக்' முதன்மையான இடத்தைப் பெறுகின்றது. மணற்பகுதிப் பஞ்சாங்கம் என்று பொருள்படும் இந்நூல், ஆசிரியர் மறைந்த மறு ஆண்டில், 1949இல், வெளிவந்தது. சூழலியல் திறனாய்வில் ஈடுபடுவோர் பெரும்பாலும் இந்நூலின் இறுதிக் கட்டுரையாகிய 'நில அறம்' என்பதையே எடுத்தாளுகின்றனர். மண், நீர், தாவரம், விலங்கு ஆகிய அனைத்தையும் மனிதனோடு ஒரே சமூகத்தின் உறுப்புகளாகக் கருத வேண்டும் என்னும் அதன் கருத்து இன்று பலரும் அறிந்ததே. ஆனால் அவ்விறுதிக் கட்டுரைக்கு முன்னர் அமைந்துள்ள பகுதிகளில் வேட்டை மிகுதியாக இடம்பெறுவது திறனாய்வாளர்க்கு ஒரு நெருடலாகவே இருந்து வந்துள்ளது. உயிர்களிடத்து அன்பு பேசும் ஒருவர் துப்பாக்கியும் நாயுமாகப் பறவைகளைத் தேடிச் செல்வது எவ்வாறு பொருந்தும் என்னும் வினா எழுகின்றது. விடை காண இயலாதவர்கள் வேட்டைப் பகுதிகளை இளமைக்கால நினைவு என்றோ, அக்காலப் பழக்கம் என்றோ ஒதுக்கிவிடுகின்றனர்.

அவ்வாறு ஒதுக்குவது பிழை என்பதே இக்கட்டுரையின் கருத்து. நில அறம் என்னும் கோட்பாடு பிறந்த இடம் பல்கலைக்கழக வகுப்பறை அன்று. ஒரு தந்தை தம் மகனுக்குத் துப்பாக்கியைக் கையளித்தபோது உடன் இட்ட தடையே அதன் வித்து. அத்தடையை மீறத் தூண்டியதும், பின்னர் அறியும் வழியைக் கற்பித்ததும் ஒரு நாய். குடும்பம், நாய், பறவை என்னும் மூன்றையும் இணைத்து நோக்கும்போதுதான் நூலின் ஒருமை புலப்படும்.

தந்தையின் தடை

லியோபோல்டு அயோவா மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் பிறந்தவர். தந்தையார் கார்ல் லியோபோல்டு மேசைகள் செய்யும் தொழிற்சாலையை நடத்தியவர், தேர்ந்த வேட்டைக்காரர். இளவேனிற் காலத்தில் கூடு கட்ட வடக்கு நோக்கிச் செல்லும் நீர்ப்பறவைகளைச் சுடுவதைச் சட்டம் தடுப்பதற்கு முன்னரே தாமாக நிறுத்திக்கொண்டவர். இச்செய்தி மகனின் எழுத்தை விளங்கிக்கொள்ளத் துணை செய்கின்றது. சட்டம் வருமுன்னே ஒருவர் தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்ட குடும்பச் சூழலில் அவர் வளர்ந்தார்.

செந்நிறக் கால்கள் உதைத்துக்கொள்வதைத் தலைப்பாகக் கொண்ட சிறு கட்டுரையில் லியோபோல்டு தம் முதல் வேட்டைகள் இரண்டை விவரிக்கின்றார். முதலாவது வாத்து வேட்டை. முயல் சுடுவதற்கென ஒற்றைக் குழல் துப்பாக்கி பெற்ற சிறுவன், பனி மூடிய ஏரியில் ஓரிடத்தில் மட்டும் நீர் உறையாதிருப்பதைக் காண்கின்றான். வாத்துகள் எல்லாம் தெற்கே போய்விட்ட பருவம் அது. எனினும் எங்கேனும் ஒரு வாத்து எஞ்சியிருந்தால் அது இங்குதான் வந்து இறங்கும் என்று ஊகித்து, முயலாசையை அடக்கிக்கொண்டு, மாலை வரை குளிரில் காத்திருக்கின்றான். அந்தி வேளையில் ஒரே ஒரு வாத்து வருகின்றது, வீழ்கின்றது. பிற்காலத்து அறிவியலாளரின் முதற் கருதுகோள் இவ்வாறு துப்பாக்கி முனையில் உருவாகின்றது. இங்குத் தந்தையும் இல்லை, நாயும் இல்லை. அறமும் இன்னும் பிறக்கவில்லை. மகிழ்ச்சி மட்டுமே உண்டு.

இரண்டாவது, கிரௌஸ் என்னும் காட்டுப்பறவை வேட்டை. அக்கால வழக்கின்படி லியோபோல்டு அப்பறவையைக் கௌதாரியைக் குறிக்கும் சொல்லால் அழைக்கின்றார். அதனைச் சுட மகனுக்கு இசைவு தரும் தந்தை, மரத்தில் அமர்ந்திருக்கும் பறவையைச் சுடலாகாது என்று விதிக்கின்றார். பறக்கும் பறவையைக் குறிபார்க்கக் கற்கும் வயது வந்துவிட்டது என்பது அவர் கூறும் காரணம். சிறுவனின் நாயோ பறவையை விரட்டி மரத்தில் ஏற்றுவதில் வல்லது. ஆகவே ஒவ்வொரு முறையும் நாய் எளிய இலக்கொன்றை மகனுக்கு எதிரே நிறுத்துகின்றது. தந்தையின் சொல் அதனைக் கைவிடச் செய்கின்றது. சுட்டால் தவறாது வீழக்கூடிய பறவையை விட்டுவிட்டு, சுட்டாலும் வீழாத பறவையின் பின்னே அவன் இரண்டு பருவங்கள் வெறுங்கையனாகத் திரிகின்றான். இதுவே தம் முதல் அறப்பயிற்சி என்கின்றார் லியோபோல்டு.

இவ்விடத்தில் நுணுகி நோக்கத்தக்க கூறு ஒன்று உண்டு. தந்தை அங்கு உடன் இல்லை. காட்டில் மகனும் நாயும் மட்டுமே உள்ளனர். மரத்துப் பறவையைச் சுட்டு வந்தாலும் கேட்பார் இல்லை. வேட்டைக்காரனின் நடத்தையைப் பாராட்டவோ பழிக்கவோ பார்வையாளர் இல்லை. ஆதலின் அவன் தன் மனச்சான்றுக்கே பொறுப்பாகின்றான் என்று நூலின் பிற்பகுதியில் லியோபோல்டு வாதிடுகின்றார். அவ்வாதத்திற்குரிய சான்று இச்சிறுவனே. 'நில அறம்' கட்டுரையில் அறம் என்பது வாழ்க்கைப் போராட்டத்தில் செயலுரிமைக்கு இடப்படும் எல்லை என்று சூழலியல் நோக்கில் வரையறுக்கப்படுகின்றது. இவ்வரையறையையும் தந்தையின் விதியையும் அருகருகே வைத்து நோக்கின் இரண்டும் ஒன்றே என்பது விளங்கும். கைக்கு எட்டிய பயனைக் காண்பார் இல்லாவிடத்தும் விட்டுவிடுதல் என்பதே இரண்டிற்கும் பொது.

இரண்டாம் பருவத்தின் இறுதியில் ஒரு பறவை பேரிரைச்சலோடு எழுகின்றது. பறக்கும்போதே சுடப்பட்டு, உதிரும் இறகுகளுக்கும் பொன்னிற இலைகளுக்கும் இடையே வீழ்கின்றது. அது கிடந்த பாசித் தரையில் மலர்ந்திருந்த ஒவ்வொரு செடியையும் இன்றும் வரைந்து காட்ட முடியும் என்று ஆசிரியர் கூறுவது வெறும் நினைவாற்றலின் பெருமிதம் அன்று. காத்திருப்பு அவனைப் பறவையோடு சேர்த்து அது வாழும் இடத்தையும் காணச் செய்தது. அச்செடிகளின் மீது தமக்குள்ள அன்பு அக்கணத்தில் பிறந்திருக்கலாம் என்று அவரே கருதுகின்றார். முதல், கரு, உரி என்னும் தமிழ்ப் பொருளிலக்கணப் பாகுபாட்டைக் கொண்டு கூறுவதாயின், கருப்பொருளாகிய புள்ளும் பூவும் இங்குப் பின்னணியாக நின்றுவிடாமல் உரிப்பொருளாகிய ஒழுக்கத்தைத் தாங்கி நிற்கின்றன எனலாம்.

ஆசிரியனாகிய நாய்

இளமையில் சோதனையாக வந்த நாய், முதுமையில் எழுதப்பட்ட பகுதிகளில் ஆசிரியனாக மாறுகின்றது. லியோபோல்டு 1933இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேட்டை உயிரின மேலாண்மைப் பேராசிரியரானார். 1935இல் விஸ்கான்சின் ஆற்றங்கரையில், பராபூ நகருக்கு அருகில், வளமிழந்து கைவிடப்பட்ட பண்ணை ஒன்றை வாங்கினார். அங்கிருந்த கோழிக்கொட்டகை குடும்பத்தின் வாரஇறுதிக் குடிலாயிற்று. துணைவியார் எஸ்டெல்லாவும் ஐந்து மக்களும் உடனுழைத்து ஆண்டுதோறும் மரக்கன்றுகளை நட்டனர். நாயும் அக்குடும்பத்தின் ஓர் உறுப்பு.

அக்டோபர் மாதத்திற்குரிய பகுதியொன்றில் நாயைப் பின்தொடர்ந்து செல்லும் முறை விரிவாகக் கூறப்படுகின்றது. பறவை இருக்கும் திசையை மனிதனைவிட நாய் நன்கறியும். காற்று கூறும் கதையை அதன் செவி நிமிர்வில் படித்துக்கொள்ள வேண்டும். நாய் சட்டென்று அசைவற்று நிற்கும்போது ஆயத்தமாகு என்று உணர்த்துகின்றது. எதற்கு ஆயத்தமாவது என்று அது கூறுவதில்லை. எழுவது கிரௌஸாக இருக்கலாம். வேறொரு பறவையாக இருக்கலாம். வெறும் முயலாகவும் இருக்கலாம். அவ்வறியாமைக் கணத்தில்தான் வேட்டையின் சிறப்பு திரண்டிருக்கின்றது என்பது ஆசிரியர் கருத்து. நூலின் மற்றோரிடத்தில், தொழில்முறை இயற்கையியலாளராகிய தமக்குத் தருக்கப் பேராசிரியரின் பொறுமையோடு நாய் பாடம் நடத்துவதாக எழுதுகின்றார். இது நகைச்சுவை எனினும் ஆழமுடையது. தாம் அறியாத புலனொன்றால் உலகை அறியும் உயிரின் முன் பேராசிரியர் மாணாக்கராக அமர்கின்றார். மனிதன் உயிர்ச் சமூகத்தின் தலைவன் அல்லன், எளிய உறுப்பினனே என்னும் கோட்பாடு இங்கு நிகழ்ச்சியாகவே நடந்தேறுகின்றது.

பெசன்ட் பறவையும் முரண்பாடும்

மேற்குறித்த அக்டோபர்ப் பகுதியில் ஒரு குத்தல் இடம்பெறுகின்றது. எதற்கு ஆயத்தமாகிறோம் என்பதை முன்னரே அறிந்தாக வேண்டும் என்பவர் பெசன்ட் வேட்டைக்குப் போகட்டும் என்கின்றார் லியோபோல்டு. பெசன்ட் அமெரிக்காவுக்குரிய பறவை அன்று. சீனாவிலிருந்து 1880களின் தொடக்கத்தில் ஓரிகான் பகுதிக்குக் கொணரப்பட்டுப் பின்னர்ப் பரவியது. சோள வயல்களை அண்டி வாழ்வது. உழவர் குடும்பங்கள் இலையுதிர்ப் பருவத்தில் தந்தையும் மக்களுமாக, சுட்ட பறவையை மீட்டுக் கொணரும் ரெட்ரீவர் நாயோடு வயல் வரப்புகளில் வரிசையாக நடந்து மேற்கொள்ளும் வேட்டை இதுவே. தெற்கு டகோட்டா மாநிலம் 1943இல் இதனைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்ததிலிருந்தே அம்மக்கள் வாழ்வில் அது பெற்ற இடத்தை உணரலாம். எனவே லியோபோல்டின் குத்தல், காட்டு வேட்டைக்காரர் வயல் வேட்டைக்காரரை நோக்கிக் காட்டும் ஏளனமாக ஒலிக்கின்றது. சிறகொடிந்த பெசன்ட் பறவை தரையில் விரைந்தோடிப் புதரில் மறையும். நாய் இல்லையேல் அது வீணே மடியும். மீட்டுவரும் நாயை உடன்கொண்டு செல்வதும் ஓர் அறமே என்பதை இக்குத்தல் மறைத்துவிடுகின்றது.

ஆனால் அவர்தம் மறைவுக்குப் பின் மகன் லூனாவின் பதிப்பில் 1953இல் வெளிவந்த 'ரவுண்ட் ரிவர்' தொகுப்பில் வேறொரு காட்சி உண்டு. அவருடைய நாய் கஸ், பெசன்ட் கிடைக்காதபோது சதுப்பு நிலச் சிறு பறவைகளையும் புல்வெளியில் பாடும் மெடோலார்க் பறவைகளையும் மோப்பம் பிடித்து, பெரிய இரையைக் கண்டதுபோல் ஆரவாரம் செய்யும். உண்மையான இரையைக் காண இயலாத தன் தோல்வியை இப்போலி உற்சாகத்தால் மறைத்துக்கொள்ளும். இயற்கைப் பாதுகாவலராகிய நாமும் இவ்வாறே என்கின்றார் லியோபோல்டு. நில உடைமையாளர் தாமே முன்வந்து மண்ணைக் காக்கச் செய்வதில் தோற்றுவிட்டு, அவர்க்காக அரசு அலுவலகங்களை நிறுவுவதில் ஊக்கம் காட்டுகிறோம். அந்த மெடோலார்க்கின் முன் ஏனைய நாய்களோடு தாமும் நின்றதாக ஒப்புக்கொள்கின்றார்.

இவ்விரு பகுதிகளையும் ஒருங்கே நோக்கின் முரண் வெளிப்படும். ஓரிடத்தில் தாழ்ந்ததாகச் சுட்டப்பட்ட பெசன்ட் மற்றோரிடத்தில் உண்மையான இலக்கின் குறியீடாகின்றது. அவரும் பெசன்ட் தேடிச் சென்றவரே என்பதும் தெளிவாகின்றது. ஆகவே மதிப்பு பறவையின் இனத்தைப் பொறுத்ததன்று. நாயின் நேர்மையைப் பொறுத்தது எனக் கொள்வதே பொருந்தும். அறியாததை அறியாததாகவே சுட்டி நிற்கும் நாய் ஆசிரியன் ஆகின்றது. கிடைக்காததைக் கிடைத்ததாக நடிக்கும் நாய் நமக்குக் கண்ணாடி ஆகின்றது.

தடை எட்டாத இடம்

தந்தையின் விதிக்கும் ஓர் எல்லை இருந்தது. 1909இல் வனப்பணியில் சேர்ந்து அரிசோனா சென்ற லியோபோல்டு, அங்கு ஓநாய்க் குடும்பமொன்றைத் தோழரோடு சுட்டு வீழ்த்தியதை 'மலையைப்போல் சிந்தித்தல்' என்னும் கட்டுரையில் எழுதுகின்றார். ஓநாயைச் சுடும் வாய்ப்பை விட்டுவிடுவது என்பதை அந்நாளில் கேள்விப்பட்டதே இல்லை என்கின்றார். மரத்துப் பறவையைச் சுடாது விட்ட அதே கைகள் ஓநாய்களின் மீது தயக்கமின்றிக் குண்டுகளைப் பொழிந்தன. குட்டிகளோடு விளையாடிய தாய் ஓநாய்க்கு எந்தத் தந்தையின் தடையும் காவலாக இல்லை. இறக்கும் ஓநாயின் கண்களில் அணைந்த பச்சை ஒளியே அவருக்கு இரண்டாம் ஆசிரியனாயிற்று. வேட்டைப் பறவைக்கு மட்டும் உரியதாயிருந்த அறம் ஓநாய்க்கும், மலைக்கும், மண்ணுக்கும் விரிவதே இந்நூலின் உள்ளியக்கம். வேட்டைப் பகுதிகளை நீக்கிவிட்டால் அவ்விரிவு எங்கிருந்து தொடங்கியது என்பதை அறிய இயலாது. இறுதிக் கட்டுரை வேரற்ற அறிவுரையாகவே எஞ்சும்.

முடிவுரை

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துள்ளது. அது தேவையான சட்டமே. ஆதலின் இவ்வேட்டைக் கட்டுரைகளிலிருந்து நாம் பெறத்தக்கது துப்பாக்கிப் பழக்கம் அன்று. சட்டம் உள்ள நாட்டில் வாழும் நாம், சட்டமே அறமாகும் என்று எண்ணி அமைதியடைந்துவிடும் இடர் நமக்கு உண்டு. லியோபோல்டு கண்ட மெடோலார்க் நம்மிடையேயும் பாடுகின்றது. ஒரு சதுப்பு நிலத்தை நிரப்பும்போதும், ஓர் ஆற்றின் மணலை அள்ளும்போதும் கைக்கு எட்டிய பயனை விட்டுவிடக் கற்பிப்பவர் யார் என்னும் வினாவை இக்கட்டுரைகள் எழுப்புகின்றன.

லியோபோல்டின் விடை குடும்பத்திலிருந்து தொடங்குகின்றது. அவருடைய மக்கள் ஐவரும் இயற்கையை ஆராய்வதிலும் காப்பதிலும் ஈடுபட்டனர். ஸ்டார்க்கர், லூனா, இளைய எஸ்டெல்லா ஆகிய மூவர் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினராயினர். தந்தை மகனுக்கு இட்ட ஒரு சிறு தடை, ஒரு நூலாகவும் ஒரு தலைமுறையின் பணியாகவும் விரிந்தது. மரக்கிளையில் அமர்ந்திருந்த பறவையைச் சிறுவன் சுடவில்லை. நாய் அவனை நிமிர்ந்து பார்த்தது. வேறு எவரும் பார்க்கவில்லை. நில அறத்தைக் கற்பிப்போர் அவ்விடத்திலிருந்தே தொடங்குவது தகும்.