அம்போசெலி: நின்னுபோன குழாய்

கென்யாவின் அம்போசெலியை 'மக்கள் பங்கேற்புக்கு முன்னோடி' என்று எழுதுபவர்கள் தண்ணீர்க் குழாய்க் கதையைத் தாண்டிப் போயிடுறாங்க. பூங்கா வெறும் 392 சதுர கி.மீ. மழை பெய்தால் விலங்குகள் மசாய் மேய்ச்சல் நிலத்துக்குப் பரவும். வறண்டால் பூங்காவின் சதுப்புக்குத் திரும்பும். மசாய் மாடுகளுக்கும் அதே சதுப்புதான்.

1974-ல் தேசியப் பூங்கா ஆனது. மாடுகள் உள்ளே வரக் கூடாது, பதிலுக்கு வெளியே குழாய்த் தண்ணீர் என்று பேச்சு. குழாய் போட்டாங்க, பராமரிப்பு இல்லாமல் சில வருஷத்தில் நின்னு போச்சு. (ரிலீஸ் பண்ணிட்டு மெயின்டனன்ஸை மறக்கிற நம்ம ஆட்கள் மாதிரியே!) மாடுகள் மறுபடி உள்ளே. இதில் மசாய்களைக் குறை சொல்வது அநியாயம்.

2007-ல் தொடங்கிய 'லயன் கார்டியன்ஸ்' தேவலை. சிங்கத்தைக் கொன்று பேர் வாங்கிய மசாய் இளைஞர்களே சம்பளம் வாங்கி, அதன் தடம் பார்த்து மேய்ப்பர்களை எச்சரிக்கிறார்கள். ஆனால் பொது மேய்ச்சல் நிலம் இப்போ தனித்தனிப் பட்டாவாகப் பிரியுது. ஆளாளுக்கு வேலி போட்டால் யானைக்கு வழி ஏது?