புலம்பு: சொல்லும் உரையும்

'புலம்பு' என்றவுடன் இன்றைய வாசகர்க்கு அழுகையும் அரற்றலுமே நினைவுக்கு வருகின்றன. தொல்காப்பிய உரியியலோ அச்சொல்லுக்குத் தனிமை எனப் பொருள் வரையறுக்கின்றது. இவ்வேறுபாட்டை உணராது சங்கப் பாடல்களுக்கு உரை கூறின் பாடலே திரிந்துவிடும்.

மாமலாடனாரின் குறுந்தொகை 46ஆம் பாடல் இதற்குத் தக்க சான்றாகும். வீட்டு இறப்பில் குஞ்சுகளோடு தங்கும் குருவிகளைக் கண்ட தலைவி, தலைவர் சென்ற நாட்டில் துன்பந்தரும் மாலையும் புலம்பும் இல்லையோ எனத் தோழியை வினவுகின்றாள். இங்குப் புலம்பை அழுகையாகக் கொண்டால் குருவிகளுக்குப் பாடலில் வேலையே இல்லை. குருவிக்குக் குஞ்சு உண்டு. தலைவிக்குத் துணை இல்லை. தன்னை வருத்தும் தனிமை அவரையும் வருத்தாதோ என்பதே அவள் வினா. அழுகை அத்தனிமையின் விளைவாகலாம். சொல்லின் பொருள் ஆகாது. நெய்தல் தலைவன் 'புலம்பன்' எனப்படுவதும் அவன் அழுபவன் என்பதனால் அன்று.

திருவாசகத்தில் 'திருப்புலம்பல்' என ஒரு பகுதியே உண்டு. அங்கு இச்சொல் வாய்விட்டு உரைத்தலைக் குறிக்கின்றது. எனினும் பிரிவுணர்வு நீங்கவில்லை. மலையாளத்தில் 'புலம்புக' என்பது பிதற்றுதலைக் குறிக்கும். இன்றைய தமிழ்ப் பேச்சு வழக்கும் அதற்கு அணித்தே. 'சும்மா புலம்பாதே' என்பவர் எதிரிலிருப்பவரின் துயரை மறுக்கவில்லை. தம் சலிப்பையே வெளியிடுகின்றார். 'தனக்குத்தானே புலம்புகிறான்' என்னும் தொடரில் மட்டும் பழைய தனிமை சற்றே எஞ்சி நிற்கின்றது.