எந்தப் பைனாகுலர் வாங்கலாம்? ஒரு திறனாய்வு

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் இடையே உள்ள சிற்றூர் கனகம்மாசத்திரம். சாலை விளக்குகளை விட்டு வயற்பக்கம் சற்று ஒதுங்கி நின்றால், சென்னையில் தெரியாத பல விண்மீன்கள் இங்கே தெரியும். சென்னை விமான நிலையத்துக்கு வந்துபோகும் பயணி விமானங்களைப் பகலில் காணலாம். அருகிலுள்ள அரக்கோணத்தில் 1992 இல் தொடங்கப்பட்ட இராஜாளி கடற்படை விமானத் தளம் இருப்பதால், பி-8ஐ என்னும் கடற்கண்காணிப்பு விமானமும் எப்போதாவது கண்ணில் படும். வடகிழக்கே நூறு கிலோமீட்டருக்குள் ஸ்ரீஹரிகோட்டா உள்ளது. மேகமற்ற இரவில் அங்கிருந்து ஏவூர்தி கிளம்பினால் அதன் சுடரையும் காணலாம்.

இத்தனையையும் பார்க்கப் பெரிய தொலைநோக்கி வேண்டியதில்லை. இருகண் தொலைநோக்கி, அதாவது பைனாகுலர், ஒன்றே போதும். ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய முதல் கருவி மங்கலான காட்சியைக் காட்டினால், 'வானத்தில் பார்க்க ஒன்றுமில்லை' என்று மாணவன் முடிவுகட்டிவிடுவான். குறை வானத்தில் இல்லை, கருவியில் இருக்கிறது என்பதை அவனுக்கு யார் சொல்வது?

இரண்டு எண்களின் பொருள்

ஒவ்வொரு பைனாகுலரிலும் 8×42, 10×50 என்பதுபோல் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் உருப்பெருக்கத்தைக் குறிக்கும். இரண்டாவது எண் பொருளருகு வில்லையின் விட்டம். இது மில்லிமீட்டரில் தரப்படும். விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணருகு வில்லை வழியே வெளிவரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 10×50 கருவியில் இது 5 மி.மீ.; 7×50 கருவியில் சுமார் 7 மி.மீ.

இருட்டில் இளைஞரின் கண்பாவை ஏறத்தாழ 7 மி.மீ. அளவுக்கு விரியும். வயது ஏற ஏற இது சுருங்கும். ஆகவே ஐம்பதைக் கடந்தவருக்கு 7×50 கருவி திரட்டும் ஒளியில் ஒரு பகுதி வீணாகலாம். விட்டம் 7 மி.மீ. உள்ள கண்ணோடு ஒப்பிட்டால், 50 மி.மீ. வில்லை சுமார் ஐம்பது மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. மங்கலான மீன்கள் தெரிவதற்கு உருப்பெருக்கத்தைவிட இந்த ஒளி திரட்டும் ஆற்றலே முதன்மையானது.

'30×60' என்னும் மாயை

திருவிழாக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் மிகுதியாக விற்பது உள்ளங்கையில் அடங்கும் மடக்குப் பைனாகுலர்தான். அதன் மேல் '30×60' என்று எழுதியிருக்கும். 'இரவிலும் பகலிலும் பார்க்கலாம்' என்ற விளம்பரமும் உண்டு. ஓர் அளவுகோலை அதன் முன்வில்லைமேல் வைத்துப் பாருங்கள். இவ்வகைக் கருவிகள் பலவற்றில் வில்லையின் விட்டம் 30 மி.மீ. கூட இராது! 60 எங்கே போயிற்று?

முதல் எண்ணையும் நீங்களே சோதிக்கலாம். கருவியை ஒரு கை தூரத்தில் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கித் திருப்புங்கள். கண்ணருகு வில்லையில் சிறு ஒளிவட்டம் தெரியும். அதை அளந்து, அந்த அளவால் வில்லையின் விட்டத்தை வகுங்கள். வில்லை 25 மி.மீ., ஒளிவட்டம் 3 மி.மீ. என்றால் உருப்பெருக்கம் எட்டுதான், முப்பது அன்று. இந்த எளிய கணக்கு தெரிந்தவரிடம் அந்த விளம்பரம் செல்லாது.

சரி, உண்மையாகவே முப்பது மடங்கு பெருக்கும் கருவி கிடைத்தால்? அதுவும் கையில் பிடித்துப் பார்க்க உதவாது. பொருளோடு சேர்ந்து கைநடுக்கமும் முப்பது மடங்கு பெருகும். பார்வைப் புலமோ சுமார் இரண்டு பாகையாகச் சுருங்கிவிடும். 10 கி.மீ. உயரத்தில் மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் தலைக்கு மேல் செல்லும் விமானம், நம் கண்ணுக்கு வினாடிக்கு ஒன்றேகால் பாகைக்கு மேல் நகர்கிறது. அசையாமல் பிடித்த இரண்டு பாகைப் புலத்தை அது ஒன்றரை வினாடியில் கடந்துவிடும். ஆறரைப் பாகைப் புலமுள்ள 10×50 கருவியிலோ ஏறத்தாழ ஐந்து வினாடி நிற்கும். விமானத்தைப் பிடித்து, பின்தொடர்ந்து, வாலில் உள்ள வண்ணத்தைப் பார்த்து எந்த நிறுவனத்துடையது என அறிய இந்த அவகாசம் வேண்டும்.

பத்து மடங்கே போதுமா என்று ஐயுற வேண்டாம். ஏர்பஸ் ஏ320 விமானத்தின் நீளம் 37.57 மீட்டர். 10 கி.மீ. உயரத்தில் அது நிலவின் விட்டத்தில் பாதிகூட இல்லாத சிறு துண்டாகத் தெரியும். பத்து மடங்கு பெருக்கினால் வெறுங்கண்ணில் காணும் நிலவைப்போல் நான்கு மடங்கு நீளம் பெறும். இறக்கை, எஞ்சின், வால் ஆகியவற்றை இனம்காண இது தாராளம்.

'ஜூம்' வேண்டாம்

உருப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஜூம் வகை பலரைக் கவர்கிறது. நிக்கான் நிறுவனத்தின் ஆகுலான் ஏ211 வரிசையை எடுத்துக்கொள்வோம். அதில் 10×50 கருவியின் பார்வைப் புலம் 6.5 பாகை. அதே வரிசையின் ஜூம் கருவியைப் பத்து மடங்கில் வைத்தால் கிடைப்பது 3.8 பாகைதான். பரப்பாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வானமே தெரியும். கூடுதல் விலை கொடுத்துக் குறைந்த வானத்தை வாங்குவது என்ன சிக்கனம்?

அதே வரிசையின் 8×42 கருவிக்கு 8 பாகைப் புலம் உண்டு; எடை 755 கிராம். 10×50 கருவியின் எடை 900 கிராம். இந்த வரிசைக்கும் ஒரு குறை உண்டு. இவை நீர்புகாத வகையல்ல. மழைக்காலத்தில் ஈரம் புகுந்தால் வில்லையில் பூஞ்சை படரும். சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைப்பது நல்லது.

கடையில் செய்யவேண்டிய சோதனைகள்

முன்வில்லையில் குழல்விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். மங்கலான ஊதா அல்லது பச்சை நிறமாகத் தெரிந்தால் பூச்சு உள்ளது. பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சு இல்லை. மாணிக்கச் சிவப்பாக மின்னும் பூச்சைக் கண்டு மயங்க வேண்டாம். அது சிவப்பொளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் காட்சி நீலப்பச்சை சாயலோடு தெரியும்.

கண்ணருகு வில்லையின் ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்கவேண்டும். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரமாகத் தெரிந்தால் முப்பட்டகம் மட்டமானது. தொலைவிலுள்ள கம்பத்தைப் பார்க்கும்போது இரட்டையாகத் தெரிந்தால் இரு குழல்களும் ஒரே திசையில் இல்லை. அத்தகைய கருவி தலைவலியையே தரும். பழைய கருவி வாங்குவோர் உள்ளே பூஞ்சை இழைகள் உள்ளனவா என்று வெளிச்சத்தில் பார்க்கவேண்டும்.

எது தெரியும், எது தெரியாது?

திருத்தணி முருகனுக்குரிய ஆடிக் கிருத்திகை நாம் அறிந்ததே. அந்தக் கார்த்திகை மீன்களே நல்ல சோதனைப் பொருள். வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரியும் கூட்டம், நல்ல பைனாகுலரில் பல பத்து மீன்களாக விரியும். கார்த்திகை மாதத்தில் மாலையிலேயே இதைக் கிழக்கு வானில் காணலாம். வியாழனின் நான்கு பெரிய நிலவுகளையும் காணலாம். ஆனால் கருவியைச் சுவரில் சாய்த்துப் பிடிக்கவேண்டும். சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கே ஒமேகா சென்டாரி என்னும் கோளக் கொத்து மங்கிய பஞ்சுப் பொட்டாகத் தெரியும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் வாழ்வோருக்குக் கிட்டாத காட்சி இது. சனியின் வளையம் மட்டும் பத்து மடங்கில் பிரிந்து தெரியாது. தெரியும் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

இரு எச்சரிக்கைகள்

பைனாகுலரால் சூரியனை ஒருபோதும் பார்க்கக்கூடாது. ஒரு கணம் பார்த்தாலும் விழித்திரை நிலையாகப் பழுதாகலாம். விமானத்தைப் பின்தொடரும்போது கருவி சூரியன் பக்கம் திரும்பாதபடி கட்டிட நிழலில் நின்று பாருங்கள்.

அடுத்தது, படைத்தளத்தின் வேலியருகே பைனாகுலருடன் நிற்பது வினையை விலைக்கு வாங்குவதாகும். 2001 நவம்பரில் கிரீஸ் நாட்டில் விமானம் பார்க்கச் சென்ற பிரித்தானியர், டச்சுக்காரர் பதினான்கு பேர் உளவுக் குற்றச்சாட்டில் சிக்கி, தண்டனையும் பெற்று, 2002 நவம்பரில்தான் மேல்முறையீட்டில் விடுதலை பெற்றனர். 2010 இல் தில்லி விமான நிலையத்தருகே தங்கி விமானங்களைக் கவனித்த பிரித்தானியர் இருவரும் கைதாயினர். அரக்கோணத்து விமானம் உங்கள் மாடிக்கு மேல் வரும்போது பார்த்தால் போதும்.

முடிவு

விண்மீன், விமானம் இரண்டுக்கும் ஒரே கருவி வேண்டும் என்போர் 8×40 அல்லது 8×42 வாங்கலாம். விண்மீன்களே முதன்மை என்போருக்கு 10×50 ஏற்றது. சில நூறு ரூபாய் விளையாட்டுப் பொருளில் பணத்தைப் போடுவதைவிட, சில ஆயிரம் சேரும்வரை காத்திருப்பது மேல். அவ்வளவு இயலாத பள்ளிகளில் அறிவியல் மன்றம் பொதுவில் ஒன்று வாங்கி, மாணவர்களுக்கு முறைவைத்துக் கொடுக்கலாம். கடைக்குப் போகும்போது பணத்தோடு ஓர் அளவுகோலையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.